நாற்பது கிலோமீட்டர் இடைவெளி

முதுமலையின் தெப்பக்காட்டிலிருந்து காலை ஆறரை மணிக்குப் புறப்பட்ட வனத்துறை வேன் கொஞ்ச தூரம் போனதும் நின்றது. ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டு உதட்டில் விரலை வைத்தார். தேக்கு மரத்தின் உச்சியில் சாம்பல் மந்தி ஒன்று வறட்டு இருமல் போலக் கத்திக்கொண்டிருந்தது. கீழே மேய்ந்துகொண்டிருந்த இருபது முப்பது புள்ளிமான்களும் தலையைத் தூக்கி ஒரே திசையைப் பார்த்தன. பெண்மான் ஒன்று முன்னங்காலால் தரையை ஓங்கி மிதித்தது. "மேல இருக்கிறவன் கண்ணுல பட்டிருச்சு சார். புதருக்குள்ள நடந்து போகுது" என்றார் ஓட்டுநர், மெல்லிய குரலில். பத்து நிமிடம் காத்திருந்தோம். எதுவும் வெளியே வரவில்லை. கத்தல் மட்டும் மரத்துக்கு மரம் மாறி, ஓடைப் பக்கம் நகர்ந்து அடங்கியது.

வேனில் பலருக்கு ஏமாற்றம். எனக்கோ அந்தப் பத்து நிமிடமும் விருந்தாக இருந்தது. ஒரு வேட்டை விலங்கு எங்கே கிளம்பி எந்த வழியாக எங்கே போனது என்பதை, அதைப் பார்க்காமலேயே காதால் பின்தொடர்ந்திருந்தோம்.

மந்திக்கும் மானுக்கும் இடையே உள்ள இந்த உறவுக்கு அடிப்படை கண்ணில் இருக்கிறது. நம்மைப் போலவே மந்தியின் விழித்திரையிலும் நிறம் உணரும் செல்கள் மூன்று வகை. மானுக்கு இரண்டு வகைதான். சிவப்பைப் பிரித்து அறியும் வகை அதற்கு இல்லை. நமக்குத் தீப்பிழம்பு போலத் தெரியும் புலியின் தோல், மானின் கண்ணுக்குப் புல்லின் நிறத்திலேயே கலந்துபோகிறது. உயரத்தில் உட்கார்ந்திருக்கும், நிறம் பிரித்துப் பார்க்கும் மந்தி மானுக்குக் காவல்காரனாகிறது. மந்தி பாதி தின்றுவிட்டு உதிர்க்கும் இலையும் காயும் மானுக்குத் தீனி. மானின் மோப்பமும் காதும் தரையிறங்கும் மந்திக்குப் பாதுகாப்பு. இதைத் தெரிந்துகொண்டு காட்டுக்குள் போகிறவருக்கு வெறுங்கையோடு திரும்பும் நாள் என்று ஒன்று வராது. 'புலி பார்த்தீர்களா?' என்ற கேள்வியோடு மட்டும் போகிறவர்கள், புலி வாழும் வீட்டைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள்.

இந்தப் பயணத்தில் நாங்கள் போட்டுக்கொண்ட திட்டம் எளிமையானது. மசினகுடியில் தொடங்கி, கல்லட்டி ஏறி ஊட்டி. அங்கிருந்து மேட்டுப்பாளையம் இறங்கி, கோவை, பொள்ளாச்சி வழியாக வால்பாறை. மொத்தம் ஏறத்தாழ 220 கிலோமீட்டர், ஐந்து நாள். ஒரே நாளில் காரில் கடந்துவிடக்கூடிய தூரம்தான். ஆனால் இந்த வழியில் முள்ளுக்காடு, இலையுதிர் காடு, சோலை, புல்வெளி, மழைக்காடு என்று ஐந்து விதமான உலகங்கள் வருகின்றன. எந்த விலங்கு எங்கே இருக்கும் என்பதை முடிவு செய்பவை மூன்று: மழை, உயரம், இடைவெளி. முதல் இரண்டும் பள்ளிக்கூடப் பாடத்திலேயே வந்துவிடும். மூன்றாவதை நான் புரிந்துகொண்டது இந்தப் பயணத்தில்தான்.

முதலில் மழை. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து மலையில் மோதி மேலேறுகிறது. ஏற ஏறக் காற்று விரிகிறது, விரிந்தால் குளிர்கிறது, குளிர்ந்த காற்றால் அத்தனை நீராவியைத் தாங்க முடியாது. மேற்குச் சரிவில் கொட்டித் தீர்த்துவிட்டு, மறுபக்கம் பிழிந்த துணி போல இறங்குகிறது. முதுமலையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். கூடலூரை ஒட்டிய மேற்குப் பகுதியில் ஆண்டுக்கு 1,800 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மசினகுடிக்குக் கிழக்கே 800 மில்லிமீட்டருக்கும் குறைவு. மேற்கே மூங்கிலும் கருமருதும் வேங்கையும் நிழல் கட்டி நிற்க, கிழக்கே போகப் போக மரம் குட்டையாகி, கடைசியில் வேலமும் உடையும் மட்டும் மிஞ்சுகின்றன. யானைக்கு இரண்டுமே வேண்டும். மழை பெய்து புல் துளிர்க்கும்போது ஒரு பக்கம், கோடையில் தண்ணீர் தேடி இன்னொரு பக்கம் என்று ஆண்டு முழுவதும் வலசை போய்க்கொண்டே இருக்கும் விலங்கு அது. அந்த வலசைப் பாதையின் கழுத்துப் பகுதி சீகூர் பீடபூமி. அங்கே அறிவிக்கப்பட்ட யானை வழித்தடம் செல்லும் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. தங்கும் விடுதியை முன்பதிவு செய்யும் முன், அது வழித்தடத்துக்குள் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

சீகூர் பக்கம் வானத்தைப் பார்க்காமல் வரக்கூடாது. அங்கே பாறு வட்டமிடும். பிணந்தின்னிக் கழுகு என்று நாம் சொல்லும் பறவைக்குப் பழைய தமிழ்ப் பெயர் பாறு. 1990களிலிருந்து இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது என்ற கணக்கில் செத்து விழுந்தன. மாடுகளுக்கு வலி தீரப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி, மாடு இறந்த பிறகும் உடலில் தங்கி, அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. இன்று தென்னிந்தியாவில் பாறுகளின் முக்கியமான புகலிடம் சீகூரை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கு. ஆற்றோரம் நிற்கும் உயரமான நீர்மத்தி மரங்களில் அவை கூடு கட்டுகின்றன. கூட்டுக்கு அருகே யாரையும் அழைத்துப் போகமாட்டார்கள்; போகவும் கூடாது. தூரத்திலிருந்து, விரிந்த கறுப்பு இறக்கையின் அடியில் பளிச்சென்ற வெள்ளையைப் பார்த்தாலே போதும்.

கல்லட்டி சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். மசினகுடியில் விசிறிக்கொண்டிருந்தவர்கள் ஒன்றரை மணி நேரத்தில் ஸ்வெட்டரைத் தேடுகிறோம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறரை டிகிரி வெப்பம் குறையும் என்பதை உடம்பே சொல்லிவிடுகிறது. புள்ளிமான் கீழேயே நின்றுவிட்டது. சாம்பல் மந்தியின் இடத்தில் இப்போது கருமந்தி. உடல் பளபளக்கும் கறுப்பு, தலை மட்டும் வைக்கோல் நிறம். லேகியத்துக்காகச் சுட்டுச் சுட்டே இதன் எண்ணிக்கையைக் குறைத்த காலம் ஒன்று இருந்தது. 1972இல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இதைக் காப்பாற்றியது என்று சொன்னால் மிகையில்லை.

மேலே ஏறியதும் காடு இரண்டாகப் பிரிகிறது. மலையின் மடிப்புகளில், ஓடையை ஒட்டிக் குட்டையும் நெருக்கமுமான சோலை. மேட்டிலும் சரிவிலும் திறந்த புல்வெளி. இரண்டுக்கும் நடுவே கத்தியால் வெட்டியது போன்ற எல்லை. ஏன் மரங்கள் புல்வெளிக்குள் நுழைவதில்லை? மார்கழி, தை மாதங்களில் இரவில் இங்கே உறைபனி விழுகிறது. சோலைக்குள் இலைக்கூரை தரையின் வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெட்டவெளியில் வெப்பம் நேராக வானத்துக்குப் போய்விடும். அங்கே விழுந்து முளைத்த மரக்கன்று பனியில் கருகிவிடும். புல்லின் குருத்தோ மண்ணோடு மண்ணாகப் பதுங்கியிருந்து, மழை வந்ததும் எழுந்துவிடும்.

இந்தப் புல்வெளியைப் பற்றி ஒரு பெரிய தப்பெண்ணம் நெடுங்காலம் இருந்தது: இது மனிதன் காட்டை அழித்ததால் உண்டான வெற்றுநிலம் என்பது. அப்படி நினைத்துத்தான் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இங்கே சீகை மரத்தையும் தைல மரத்தையும் கொண்டுவந்து நட்டார்கள். விடை மண்ணுக்கு அடியில் இருந்தது. நீலகிரியின் சதுப்புப் பள்ளங்களில், மக்காத தாவரப் பொருள் அடுக்கடுக்காகப் படிந்து கிடக்கிறது. மரங்களும் வெப்பமண்டலப் புற்களும் ஒளிச்சேர்க்கைக்கு வெவ்வேறு வழிகளைக் கையாள்கின்றன. காற்றிலிருந்து எடுக்கும் கார்பனில் 'கார்பன்-13' என்ற சற்றுக் கனமான வகையை மரங்கள் கூடுதலாக ஒதுக்குகின்றன. புற்கள் அவ்வளவாக ஒதுக்குவதில்லை. ஆகவே எந்த அடுக்கில் கார்பன்-13 எவ்வளவு என்று அளந்தால், அந்தக் காலத்தில் சுற்றிலும் நின்றது மரமா புல்லா என்று தெரிந்துவிடும். ரமன் சுகுமாரும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் இப்படி அளந்து, 1993இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். பனியுகத்தின் உச்சத்தில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பே, இங்கே புல் ஓங்கி நின்றது. உழவும் கோடரியும் வருவதற்கு வெகு முன்பே இருந்த புல்வெளி இது. மழை கூடிய காலத்தில் சோலை விரிந்திருக்கிறது. வறண்ட காலத்தில் சுருங்கியிருக்கிறது. இரண்டும் பழமையானவை, இரண்டுக்கும் சம உரிமை உண்டு. சீகை மூடிக் கிடக்கும் ஒரு மேட்டைப் பார்த்து 'எவ்வளவு பசுமை' என்று இனி என்னால் சொல்ல முடியாது.

மறுநாள் விடியற்காலை, ஊட்டிக்கு வெளியே ஒரு சோலையின் ஓரத்தில் காத்திருந்தோம். பனி கொட்டிக்கொண்டிருந்தது. புதருக்குள் ஒரு பறவை சிரித்தது. அதற்குப் பதிலாக இன்னொன்று. பிறகு கூட்டமே சிரித்தது. நீலகிரிச் சிரிப்பான். மைனா அளவுகூட வராது. கண்ணுக்கு மேலே சுண்ணாம்பால் இழுத்தது போல வெள்ளைப் புருவம்; மார்பும் வயிறும் காவிச் சிவப்பு. காட்டு நாவலின் கிளையில் மூன்று அடி தூரத்தில் வந்து உட்கார்ந்து, பழத்தைக் கொத்தி, எங்களைச் சட்டை செய்யாமல் போயிற்று. அதே சோலையின் இருட்டுத் தரையில், நீல நிறச் சிறு பறவை ஒன்று இலைச் சருகைப் புரட்டிக்கொண்டிருந்தது. அதன் அறிவியல் பெயரின் முதல் பாதி 'ஷோலிகோலா': சோலையில் வாழ்வது என்று பொருள். நம் சோலை என்ற சொல்லையே எடுத்து வைத்த பெயர் அது.

அடுத்த நாள் மலையிறங்கினோம். மேட்டுப்பாளையம், கோவை, பிறகு பொள்ளாச்சிச் சாலை. வேனில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். தென்னந்தோப்பு, சந்தை, பெட்ரோல் பங்க், மறுபடியும் தென்னந்தோப்பு. பார்க்க ஒன்றுமில்லாத வழி என்றுதான் நானும் நினைத்திருப்பேன். பயணத்தின் மிக முக்கியமான இடமே அதுதான்.

மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீளம். அந்த நீண்ட சுவரில் உள்ள மிகப் பெரிய உடைப்பு பாலக்காட்டுக் கணவாய். அகலம் 30 முதல் 40 கிலோமீட்டர். வடக்கே தொட்டபெட்டா 2,637 மீட்டர். தெற்கே ஆனைமுடி 2,695 மீட்டர். நடுவே தரை சில நூறு மீட்டரைத் தாண்டுவதில்லை. கோவையிலும் பொள்ளாச்சியிலும் ஆனி, ஆடியில் வீசும் குளிர்ந்த காற்றும், தூவானமும், பல்லடம் உடுமலைப் பக்கம் சுழலும் காற்றாலைகளும் இந்த உடைப்பின் கொடை.

மனிதனுக்குக் கொடை, சோலைப் பறவைக்கு இது கடல். சோலையின் குளிரும் இருட்டும் இல்லாத இடத்தில் அதனால் ஒரு நாள்கூடத் தங்க முடியாது. திறந்த வெளியைப் பறந்து கடக்கும் பழக்கமும் அதற்கு இல்லை. பனியுகக் குளிரில் சோலை மலைச்சரிவில் சற்றுக் கீழே இறங்கியிருக்கலாம். ஆனாலும் இவ்வளவு தாழ்ந்த கணவாயின் தரையை எட்டியிருக்காது. வடக்குக் கரையும் தெற்குக் கரையும் தனித்தனித் தீவுகளாக நின்றன. தீவில் அடைபட்ட உயிர்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே இணைந்து, சிறு மாற்றங்களைச் சேர்த்துச் சேர்த்து, கடைசியில் வேறு இனங்களாகிவிட்டன. கொடைக்கானலிலோ மூணாறிலோ கேட்கும் சிரிப்பு நீலகிரிச் சிரிப்பானுடையது இல்லை. அது பழனிச் சிரிப்பான். வெள்ளைப் புருவம் இருக்கும். மார்பு காவிக்குப் பதில் சாம்பல். நீலப் பறவையும் அப்படியே. நீலகிரியில் அதன் வயிற்றோரம் செம்பழுப்பு. கணவாய்க்குத் தெற்கே அந்தச் செம்பழுப்பு இல்லை. இன்னும் தெற்கே போய்ச் செங்கோட்டைக் கணவாயைத் தாண்டி அகத்தியமலைக்குப் போனால் மூன்றாவது சிரிப்பானும் மூன்றாவது நீலப் பறவையும் இருக்கின்றன. நீலகிரிக்கு வடமேற்கே வயநாட்டின் பாணாசுர மலைப் பக்கம் இன்னொரு சிரிப்பான். வி.வி. ராபினும் அவர் குழுவினரும் மரபணுவை ஒப்பிட்டு, இந்தப் பறவைகள் உலகில் வேறெங்கும் இல்லாத தனிப் பேரினங்கள் என்று 2017இல் நிறுவினார்கள். 'ஷோலிகோலா' என்ற பெயரும் அப்போதுதான் வந்தது.

இறக்கை இல்லாத, நடந்தே எங்கும் போகக்கூடிய யானைகூட இந்தக் கணவாய்க்குக் கட்டுப்பட்டிருக்கிறது. நீலகிரி யானைகளுக்கும், ஆனைமலை–பெரியாறு யானைகளுக்கும் மரபணுவில் தெளிவான வேறுபாடு உண்டு என்று 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. யானைக் கூட்டம் தாய், பாட்டி, மகள் என்று தாய்வழியில் ஒரே நிலப்பரப்பில் வேர்விட்டு வாழ்வது. அதனால் தாயிடமிருந்து மட்டும் வரும் மரபணுவில் இந்த வேறுபாடு அழுத்தமாகத் தெரிகிறது.

ஆழியாறு தாண்டியதும் மறுபடியும் மலை. வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில், காட்சிமுனைக்குப் பக்கத்தில், சாலையோரக் கைப்பிடிச் சுவர்மேல் வரையாட்டுக் கிடா ஒன்று நின்றிருந்தது. கரும்பழுப்பு உடல், முதுகில் சேணம் போட்டாற்போல வெளிர்ச் சாம்பல், பின்னோக்கி வளைந்த கொம்பு. சுவருக்கு அந்தப் பக்கம் செங்குத்துப் பாறை. எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, படியிறங்குவது போல அந்தப் பாறையில் இறங்கியது. குளம்பின் விளிம்பு கெட்டியானது. நடுவே ரப்பர் போன்ற மெத்தை. விளிம்பு பாறையின் பிளவைப் பிடிக்க, மெத்தை வழுக்காமல் ஒட்டிக்கொள்ளும். சங்க இலக்கியம் வருடை என்று சொல்லும் விலங்கு, இன்று தமிழ்நாட்டின் மாநில விலங்கு. இமயமலையிலும் இதைப் போன்ற ஒரு விலங்கு உண்டு என்பதால் இரண்டையும் ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். 2005இல் மரபணுவைப் பார்த்தபோது, வரையாட்டுக்கு நெருங்கிய உறவு செம்மறியாடு என்று தெரிந்தது. ஆடு என்ற சொல் நமக்கு வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் பொது. ஆகவே தமிழ்ப் பெயரில் மாற்ற ஒன்றுமில்லை. 2023இல் தமிழ்நாடு அரசு வரையாட்டுக்கென்றே தனித் திட்டம் தொடங்கியது. 2024 கணக்கெடுப்பில் மாநிலத்தில் 1,031 என்றும், 2025இல் 1,303 என்றும் மதிப்பிட்டிருக்கிறார்கள்.

வால்பாறை மேட்டுநிலம் 220 சதுர கிலோமீட்டர். ஒரு காலத்தில் முழுக்க மழைக்காடு. 1890களிலிருந்து அது தேயிலையாகவும் காப்பியாகவும் மாறியது. இன்று சுமார் 40 துண்டுக் காடுகள், தேயிலைக்கு நடுவே பச்சைத் தீவுகளாக நிற்கின்றன. இவை இயற்கை செய்த தீவுகள் இல்லை. ஆனாலும் இருவாச்சி இவற்றைக் கோத்துக் கட்டிக்கொண்டிருக்கிறது. தலைக்கு மேலே ரயில் என்ஜின் புகை தள்ளுவது போல 'உஸ்... உஸ்...' என்று கேட்டால் நிமிர்ந்து பாருங்கள்; இருவாச்சி பறக்கிறது. மற்றப் பறவைகளுக்கு இறக்கையின் அடியில் சிறகுகளின் வேரை மூடும் இறகுகள் உண்டு. இருவாச்சிக்கு அவை இல்லை. சிறகிடுக்குகளில் காற்று புகுந்து எழுப்பும் ஓசைதான் அது. இனப்பெருக்கக் காலத்தில் பெண் பறவை பெரிய மரப்பொந்துக்குள் புகுந்து, எச்சத்தாலும் பழக்கூழாலும் வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்குக் கீறல் மட்டும் மிச்சம். உள்ளே சிறகுகளையெல்லாம் உதிர்த்துவிட்டுப் பறக்க முடியாத நிலையில் முட்டையை அடைகாக்கும். மாதக்கணக்கில் அத்தியும் காட்டுச் சாதிக்காயும் கொண்டுவந்து ஊட்டுவது ஆண். அந்த ஆண் திரும்பாவிட்டால் குடும்பமே பட்டினி. ஒரு காட்டுத்துண்டில் தின்ற விதையை இன்னொன்றில் போட்டு, தேயிலைக் கடலைத் தாண்டி மரங்களை நடும் பறவை இது.

பறக்க முடியாத சோலைமந்திக்கு அப்படி வழியில்லை. புதுத்தோட்டம் என்ற துண்டுக் காட்டின் ஓரத்தில் சாலையோரமாகவே அதைப் பார்க்கலாம். கறுத்த முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, வால் நுனியில் சிங்கத்தைப் போலக் குஞ்சம். உலகிலேயே இந்த மலைத்தொடரில் மட்டும், காட்டில் சில ஆயிரம்தான் இருக்கின்றன. ஒரு பெண் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு குட்டிதான் ஈனும். மரக்கிளை வழியாகவே வாழ்ந்து பழகிய இனம்; சாலை போட மரம் வெட்டியதும் கிளைக்கும் கிளைக்கும் நடுவே பத்து மீட்டர் வெற்றிடம். இறங்கிக் கடக்கிறது, கடக்கும்போது வண்டியில் அடிபட்டுச் சாகிறது. நான் பார்த்த தாய் ஒன்று, வயிற்றில் குட்டியைக் கட்டிக்கொண்டு, சாலையோரம் நின்று இரண்டு பக்கமும் பார்த்து, ஒரு பேருந்து போன பிறகு ஓடியது. மறுபக்கம் போய்ச் சேர்ந்ததும் குட்டியின் தலையை ஒருமுறை தடவியது. இவற்றுக்காகச் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். காட்டுத்துண்டுகளில் பழைய மரங்களையே மறுபடி நட்டு வளர்க்கும் வேலையும் கால் நூற்றாண்டாக அங்கே நடக்கிறது.

சிரிப்பானை இரண்டாகப் பிரிக்கக் கணவாய்க்கு நாற்பது கிலோமீட்டர் அகலமும் லட்சக்கணக்கான ஆண்டுகளும் தேவைப்பட்டன. பிரிந்த இரண்டும் வாழ்ந்தன. சோலைமந்தியை அதன் சொந்தக் கூட்டத்திலிருந்து பிரிக்க நமக்குப் பத்து மீட்டர் தார்ச்சாலை போதும்; புது இனமாக மாற அதற்கு நேரம் கிடைக்காது.

வால்பாறைக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். புதுத்தோட்டத்தைக் கடக்கும்போது வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். பக்கத்தில் வந்து நின்றாலும் ஒரு வாழைப்பழம்கூடக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அது சாலையிலேயே நிற்கப் பழகிவிடும். தலைக்கு மேலே பாலம் இருக்கிறது. அது அந்த வழியாகவே போகட்டும்.